ஒரு சிவப்பணுவுக்கு 29 அணு

அரை மி.லி. எலி ரத்தம். அதில் 0.1 மி.லி. தாவரச் சாறு. ஒரு மணி நேரம் கழித்து அரை மி.லி. வெள்ளீய உப்புக் கரைசல். இன்னொரு மணி நேரம் கழித்து 0.1 மி.லி. கதிரியக்க டெக்னீஷியம். பிரேசிலில் ரியோ டி ஜெனீரோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாரியோ பெர்னார்டோ-ஃபில்யோவின் குழு பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் செய்துவந்த பரிசோதனைக்கு மொத்தச் சரக்கே இவ்வளவுதான். கூட்டினால் 1.2 மி.லி.; தேக்கரண்டியில் கால்வாசி.

மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். சாறு மட்டும் மாறும். துஜா, கிங்கோ, புகையிலை, போல்டோ, இலவங்கப்பட்டை, கத்தரிக்காய், சௌசௌ. கடைசி மூன்றைப் பார்த்ததும் ஆய்வுக்கூடத்துக்குள் மளிகைக் கடை புகுந்துவிட்டது போலிருக்கிறது. சௌசௌவை அவர்கள் ஊரில் ‘ஷுஷு’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் உறவா என்று எனக்குத் தெரியாது, காதுக்கு உறவுதான்.

இந்த ஆய்வுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரே ஒரு எண்ணைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். சாறு சேர்க்காத ரத்தத்தில் கதிரியக்கத்தின் 97 சதவீதம் ரத்த அணுக்களில் போய்ச் சேர்கிறது. சாறு சேர்த்தால் குறைகிறது. உடனே ‘மூலிகை ரத்த அணுவைப் பாதிக்கிறது’ என்று தலைப்பு வந்துவிடும். 97 என்பது பேரேட்டின் அடியில் எழுதிய இருப்பு. மேலே உள்ள பற்று வரவைப் பார்க்காமல் இருப்பை மட்டும் படித்தால் எந்தக் கடைக்காரரும் ஏமாந்துதான் போவார். ஆகவே மேலிருந்து தொடங்குகிறேன்.

முதல் வரி, டெக்னீஷியம். குழாயில் விடும் அளவு 3.7 மெகாபெக்கரல், அதாவது நொடிக்கு 37 லட்சம் அணுச்சிதைவு. கேட்பதற்குப் பெரிய எண். டெக்னீஷியம்-99எம் பாதியாகக் குறைய 6 மணி நேரம் ஆகும் என்பதை வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால், குழாயில் உள்ள அணுக்கள் சுமார் 11,550 கோடி. அவற்றின் மொத்த எடை 19 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டு, அதில் 19 பங்கு. எலியின் ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினும் ஏறக்குறைய இதே எடைதான். குழாய் முழுவதற்குமான கதிரியக்கச் சரக்கை ஒரு சிவப்பணுவின் ஹீமோகுளோபினுக்கு எதிரே தராசில் வைத்தால் முள் பெரிதாக அசையாது.

இரண்டாவது வரி, செல்கள். எலி ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 80 லட்சம் சிவப்பணு. அரை மி.லி.க்கு 400 கோடி. 11,550 கோடியை 400 கோடியால் வகுத்தால் செல்லுக்கு 29 அணு. ஒவ்வொரு செல்லிலும் 17 கோடி வாக்கில் ஹீமோகுளோபின் மூலக்கூறு காத்திருக்க, வந்து சேரும் விருந்தாளிகள் 29 பேர். 97 சதவீதம் என்றால் 28 பேர் உள்ளே, ஒருவர் வாசலில்.

மூன்றாவது வரிதான் முக்கியம். டெக்னீஷியம் ஜெனரேட்டரிலிருந்து வரும்போது பெர்டெக்னெட்டேட் என்ற வடிவில் இருக்கும். அந்த வடிவில் அது செல்லுக்குள் போகும், வரும், எதையும் பிடித்துக்கொள்ளாது. அதற்கு எலக்ட்ரான் கொடுத்து இறக்கிவிட ஓர் ஆள் வேண்டும். 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வில்லியம் எக்கல்மேனும் கூட்டாளிகளும் சிவப்பணுவுக்கு இந்த வேலையை வெள்ளீயத்திடம் ஒப்படைத்தார்கள். வெள்ளீய உப்பான ஸ்டானஸ் குளோரைடு முதலில் செல்லுக்குள் போய்க் காத்திருக்கும். பின்னால் வரும் பெர்டெக்னெட்டேட்டைப் பிடித்து இறக்கும். இறங்கிய டெக்னீஷியம் ஹீமோகுளோபினின் புரதப் பகுதியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெளியே வர வழியில்லை.

ரியோ குழாயில் இந்த உப்பு மி.லி.க்கு 1.2 மைக்ரோகிராம், அரை மி.லி.க்கு 0.6. பைசாக் கணக்கில்கூட வராத விலை. ஆனால் எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு செல்லுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளீய அயனி. 29 டெக்னீஷியத்துக்கு 4 லட்சம். அதாவது ஒவ்வொரு டெக்னீஷியம் அணுவையும் வரவேற்க ஏறத்தாழ 15,000 பேர். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு இத்தனை பேர் நின்றால் ஒரு விருந்தாளியும் தப்ப முடியாது. 97 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

இந்த இடத்தில் நானும் ஒரு தவறு செய்தேன். 29 என்பது கதிர் வீசும் அணுக்கள் மட்டும். டெக்னீஷியத்தைத் தரும் மொலிப்டினம்-99 பாதியாவதற்கு 66 மணி நேரம். ஜெனரேட்டரை ஒருமுறை கறந்தபின் 24 மணி நேரம் விட்டு மறுபடி கறந்தால், அதில் உள்ள மொத்த டெக்னீஷியத்தில் 28 சதவீதம்தான் 99எம். மீதி எல்லாம் டெக்னீஷியம்-99, பெரும்பாலும் ஏற்கெனவே கதிரை வீசி முடித்தவை. 2 லட்சத்துச் சொச்சம் ஆண்டுகள் அரையாயுள் கொண்டவை, காமா கேமராவின் கண்ணுக்கு ஊமைகள். ஆனால் வேதியியலுக்கு ஊமையும் பேசுபவரும் ஒன்றுதான். அவையும் பந்தியில் உட்காரும், வெள்ளீயத்தைத் தின்னும். ஆக செல்லுக்கு உண்மையில் சுமார் 104 அணு. வெள்ளிக்கிழமை கறந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை கறந்தால் இன்னும் மோசம்: 72 மணி நேரத்தில் 99எம்மின் பங்கு 8 சதவீதத்துக்கும் கீழே போகும், செல்லுக்கு 375 அணு வந்து நிற்கும். அப்போது ஆளுக்கு 15,000 பேர் என்பது 1,100 பேராகச் சுருங்கும். அணு மருத்துவத் துறையில் வேலை செய்பவர்களுக்குத் திங்கட்கிழமைக் கறவையின் மேல் எப்போதுமே ஒரு கண் இருப்பது இதனால்தான். வெள்ளீயம் குறைவாக உள்ள கிட்களில் அது காலை வாரிவிடும்.

கறவை என்பது நான் ஜோடித்த சொல் அல்ல. ஜெனரேட்டரைப் பசு என்றும், உப்புநீர் விட்டு டெக்னீஷியத்தை எடுப்பதைக் கறப்பது என்றும்தான் அந்தத் துறையே சொல்லிக்கொள்கிறது. ரியோவுக்குப் பசு வந்தது சாவோ பாவ்லோவில் உள்ள இபென் என்ற அணு ஆய்வு நிலையத்திலிருந்து. மணிக்கு 1 சதவீதம் மடி வற்றும் பசு அது. திங்கள் வந்தால் வெள்ளிக்கு 37 சதவீதம், அடுத்த திங்களுக்கு 17. பால் அதைவிட வேகமாகக் கெடும்: மணிக்கு 11 சதவீதம். இந்தச் சரக்கை யாரும் இருப்பு வைக்க முடியாது. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை கனநீர்க் கசிவால் நின்று, 2010 ஆகஸ்ட் வரை திரும்பாமல் இருந்தபோது உலகம் முழுக்க ஸ்கேன் அறைகள் காத்துக் கிடந்தன. இத்தனைக்கும் நோயாளி ஒரு ஸ்கேனுக்குக் கட்டும் பணத்தில் உலைக்குப் போகும் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு.

இனி நான்காவது வரி, சாறு. குழுவின் கட்டுரைகளில் பல அடர்வுகள் வருகின்றன. கணக்குக்கு வசதியாக மி.லி.க்கு 50 மி.கி. என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் 0.1 மி.லி.யில் 5 மி.கி. சாறு. எதிரே நிற்கும் வெள்ளீய உப்பு 0.6 மைக்ரோகிராம். 5,000 மைக்ரோகிராமை 0.6ஆல் வகுத்தால் 8,300 மடங்கு எடை.

இந்த இடத்தில் பேரேட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் பார்க்கலாம். டெக்னீஷியத்தைவிட வெள்ளீயம் எண்ணிக்கையில் 15,000 மடங்கு. வெள்ளீயத்தைவிடச் சாறு எடையில் 8,000 மடங்கு. சாற்றில் உள்ள பாலிஃபீனால்களில் நூற்றில் ஒரு பங்கு வெள்ளீயத்தைக் கவ்விப் பிடித்தாலும், அல்லது அதன் எலக்ட்ரானைப் பறித்து ஸ்டானிக் ஆக்கிவிட்டாலும், பன்னீர்ச் செம்புக்காரர்கள் கூட்டத்தோடு காணாமல் போவார்கள். டெக்னீஷியம் வாசலிலேயே நிற்கும். சிவப்பணுவுக்கு எதுவும் ஆகியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கத்தரிக்காய், துஜா, கிங்கோ, இலவங்கப்பட்டை ஆகியவற்றின் சாறுகள் செல்களில் சேரும் பங்கைக் குறைத்தன என்று குழு பதிவு செய்தது. காரணமாக அவர்களே பலவற்றை அடுக்குவார்கள்: சாறு வெள்ளீயத்தைப் பிடித்திருக்கலாம், ஆக்சிஜனேற்றம் செய்திருக்கலாம், செல்லின் சவ்வில் அயனிகள் போகும் வாசலை அடைத்திருக்கலாம், சவ்வின் வடிவத்தையே மாற்றியிருக்கலாம். நேர்மையான பட்டியல். ஆனால் முதல் இரண்டும் செல்லுக்கு வெளியே நடப்பவை, பின் இரண்டும் செல்லுக்கு நேர்பவை. சதவீதம் ஒன்றை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. அதற்காகவே அவர்கள் சில ஆய்வுகளில் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி, சிவப்பணுவின் சுற்றளவையும் பரப்பையும் தனியாக அளந்தார்கள். செல் கெட்டதா என்று கேட்க வேண்டிய இடம் அந்தத் தகடு.

வெள்ளீயத்தை யாராவது கவ்வினால் என்ன ஆகும் என்பதற்கு மூலிகை வரைக்கும் போக வேண்டாம். மருத்துவமனையில் சிவப்பணுவுக்கு அடையாளமிட விற்கும் கிட்டில், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரினோ சிட்ரேட் கலவையோ பயன்படுத்தலாம், ஈ.டி.டி.ஏ. கூடாது என்று எழுதியிருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ஊதா மூடிக் குழாயில் இருப்பது அதே ஈ.டி.டி.ஏ.தான். உலோகம் எதைக் கண்டாலும் கட்டிப்பிடிக்கும். அவசரத்தில் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தால் ஸ்கேன் கெட்டது, அதற்காக ஈ.டி.டி.ஏ. சிவப்பணுவைக் கெடுத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

கிட்டுக்கும் ரியோ முறைக்கும் இன்னொரு வேறுபாடு. கிட்டில் டெக்னீஷியத்தைச் சேர்க்கும் முன், செல்லுக்கு வெளியே தங்கிவிட்ட வெள்ளீயத்தை ஹைப்போகுளோரைட் விட்டு அழித்துவிடுவார்கள். உள்ளே போனது மட்டும் வேலை செய்யும். ரியோவில் அந்தப் படி இல்லை. அதனால் பிளாஸ்மாவில் மிதக்கும் வெள்ளீயம் அங்கேயே டெக்னீஷியத்தை இறக்கி, பிளாஸ்மாப் புரதத்தில் ஒட்டவைக்கும். இது குறையில்லை, அவர்களுக்கு அந்த எண்ணும் வேண்டும். குழாயைச் சுழற்றிச் செல்லையும் பிளாஸ்மாவையும் பிரித்து, இரண்டிலிருந்தும் 20 மைக்ரோலிட்டர் எடுத்து, 1 மி.லி. 5 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் விடுவார்கள். பாலில் எலுமிச்சை பிழிந்தாற்போல் புரதம் திரிந்து அடியில் விழும். விழுந்ததில் எவ்வளவு கதிர், மேலே தெளிந்ததில் எவ்வளவு கதிர் என்று காமா எண்ணியில் வைத்து எண்ணுவார்கள். ஒரே குழாயிலிருந்து மூன்று சதவீதங்கள்: செல்லில் சேர்ந்தது, செல் புரதத்தில் ஒட்டியது, பிளாஸ்மாப் புரதத்தில் ஒட்டியது. மூன்றும் ஒருசேரக் குறைந்தால் சந்தேகம் முதலில் வெள்ளீயத்தின் மேல்தான் விழ வேண்டும். ஏனென்றால் மூன்று இடத்துக்கும் பொதுவான கூலியாள் அதுதான்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அதற்கும் கணக்கு உண்டு. இதயத்தின் பம்ப் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பார்க்க, நோயாளியின் சிவப்பணுவுக்கு அடையாளமிட்டுப் படமெடுப்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின் ஏற்றுபவர்களுக்கு இது தேவைப்படும். அந்த மருந்து இதயத் தசையைப் பதம்பார்க்கும். கொடுக்கும் அளவு 740 மெகாபெக்கரல் என்று கொள்வோம். முழுக்கச் சிவப்பணுவில் ஒட்டினால் உடலுக்குக் கிடைக்கும் கதிர் 5.2 மில்லிசீவர்ட். ஒட்டாமல் முழுக்கப் பெர்டெக்னெட்டேட்டாகவே திரிந்தால் தைராய்டு, வயிறு, குடல் என்று போய்ச் சேர்ந்து 9.6. கணக்கைக் கலந்து போட்டால்:

97 சதவீதம் ஒட்டினால் 5.3 மில்லிசீவர்ட்.
70 சதவீதம் ஒட்டினால் 6.5, படமும் மங்கல்.
படம் தேறவில்லை என்று மறுநாள் திரும்ப எடுத்தால், 6.5ஓடு 5.3 சேர்த்து 11.8.

இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் சராசரிக் கதிர் 2.4 மில்லிசீவர்ட். 11.8 என்பது ஐந்து ஆண்டு வரவை இரண்டு நாளில் வாங்குவது. பயப்பட வேண்டிய அளவில்லை. வீணாக வாங்க வேண்டிய அளவும் இல்லை. அடையாளமிடுதலைக் கெடுக்கும் மருந்துகளின் பட்டியலில் மெத்தில்டோபா, ஹைட்ரலசீன், டிஜாக்சின் ஆகியவற்றோடு டாக்ஸோரூபிசினும் இருக்கிறது. எந்த மருந்துக்காக ஸ்கேன் எடுக்கிறோமோ அதுவே ஸ்கேனில் கைவைக்கிறது. இதே நோயாளிகள்தான் பக்கத்து வீட்டார் சொன்ன கஷாயத்தையும் குடிப்பவர்கள். எனவே ரியோ குழுவின் கேள்வி வெட்டிக் கேள்வி அல்ல.

கேள்வி சரி, அளவுதான் இடிக்கிறது. அரை மி.லி. ரத்தத்துக்கு 5 மி.கி. சாறு என்றால் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. ஐந்து லிட்டர் ரத்தம் உள்ள ஒருவருக்கு இதே விகிதம் வர 50 கிராம் காய்ந்த சாறு வேண்டும். கத்தரிக்காயில் 92 சதவீதம் தண்ணீர். ஆக 600 கிராமுக்கு மேற்பட்ட கத்தரிக்காயை எடுத்து, அதன் திடப்பொருள் முழுவதையும் வாய், வயிறு, கல்லீரல் எதையும் தொடாமல் நேராக நரம்பில் ஏற்ற வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு அவ்வளவு ஆற்றல் கிடையாது.

இதே குழுவின் டிஎன்ஏ பரிசோதனைகள் பக்கம் வந்தால் அளவுகள் வேறு விதமாக விளையாடுகின்றன. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, டிஎன்ஏவும் இல்லை. அதனால் டிஎன்ஏ பரிசோதனைக்கு ரத்தத்தை விட்டுவிட்டுப் பாக்டீரியாவின் பிளாஸ்மிடை எடுத்தார்கள். சுமார் 3,000 இணைகள் கொண்ட வளையம். 200 நானோகிராம் எடுத்தால் 6,000 கோடிக்கு மேல் வளையங்கள். தேங்காய்நார்க் கயிற்றை முறுக்கி, இரண்டு முனையையும் சேர்த்துவிட்டால் அது மேலும் சுருண்டு முடிச்சாகுமே, பிளாஸ்மிட் அப்படித்தான் இருக்கும். இரண்டு இழையிலும் சேர்த்து 6,000 கண்ணிகள். அதில் ஒரே ஒரு கண்ணி அறுந்தால் போதும், முறுக்கு முழுவதும் அவிழ்ந்து தளர்ந்த வளையமாகிவிடும். அகரோஸ் கூழில் மின்சாரம் பாய்ச்சினால் சுருண்டது முன்னால் ஓடும், தளர்ந்தது பின்தங்கும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்து நீண்டுபோனது நடுவில் நிற்கும். 6,000இல் ஒன்றைக் கண்ணுக்குக் காட்டும் சோதனை இது. மலிவானது, கூர்மையானது. கூர்மையானது என்பதாலேயே கொஞ்சம் அலட்டலும் உண்டு: மனித செல் ஒன்றின் டிஎன்ஏ சும்மா இருக்கும்போதே நாளுக்குச் சுமார் 10,000 பியூரின்களை உதிர்த்துவிட்டு, உடனுக்குடன் பழுதுபார்த்துக்கொள்கிறது. குழாயில் கிடக்கும் பிளாஸ்மிடுக்குக் கொத்தனார் இல்லை.

அந்தக் கண்ணியை அறுப்பவரும் நம் வெள்ளீயமே. ஆக்சிஜனோடு சேர்ந்து அது தீவிரமான மூலக்கூறுகளைக் கிளப்பிவிடும். அவை டிஎன்ஏவைக் கடிக்கும். இதைக் காட்டக் குழு எடுத்த அளவு மி.லி.க்கு 200 மைக்ரோகிராம் ஸ்டானஸ் குளோரைடு. செல்லுக்கு அடையாளமிட எடுத்தது 1.2; இது அதைப்போல் 167 மடங்கு. நோயாளியின் உடலுக்குள்ளேயே அடையாளமிடும் முறையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்று 60 கிலோ ஆளுக்கு ஏற்றினால், ரத்தத்தில் கலந்து மி.லி.க்கு 0.2 மைக்ரோகிராம் வாக்கில்தான் இருக்கும். ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

ஆனால் உடனே தூக்கி எறிந்துவிட முடியாது. 200 மைக்ரோகிராம் உப்பில் வெள்ளீயம் மட்டும் 125 மைக்ரோகிராம். டப்பாவில் அடைத்த பானங்களுக்குக் கோடெக்ஸ் உணவு விதி அனுமதிக்கும் வெள்ளீயம் கிலோவுக்கு 150 மில்லிகிராம். மற்ற டப்பா உணவுக்கு 250. அலகுகளை மாற்றிப் போட்டால், பிளாஸ்மிடைக் கடித்த குழாயில் இருந்த வெள்ளீயம் சட்டப்படி விற்கத்தக்க ஒரு டப்பா அன்னாசிச் சாற்றில் இருக்கக்கூடியதைவிடக் குறைவு. குடலில் அதில் 5 சதவீதம்கூட உறிஞ்சப்படுவதில்லை என்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஒரே பொருள், ஏறக்குறைய ஒரே அடர்வு: ஒரு குழாயில் டிஎன்ஏவை வெட்டுகிறது, இன்னொரு டப்பாவில் விதிக்குள் அடங்குகிறது. எந்த வாசல் வழியாக, எவ்வளவு உள்ளே போனது என்ற பத்தியை நிரப்பாமல் இரண்டையும் கூட்டிக் கழிக்க முடியாது.

ஒரு விஷயத்தில் எனக்கு இந்தக் குழுவின் மேல் மரியாதை உண்டு. நான் எழுதிய பேரேட்டில் ரத்தம், டெக்னீஷியம், வெள்ளீயம் மூன்றுக்கும் அணு எண்ணிக்கை வரை எழுத முடிந்தது. நான்காவது வரியில் மட்டும் ‘சாறு, 5 மி.கி.’ என்று நிற்கிறது. அதற்குள் எத்தனை நூறு பொருள், எது எவ்வளவு, எது வெள்ளீயத்தைத் தொட்டது என்று அந்த வரி சொல்லாது. அடுத்த கொள்முதலில், அடுத்த பருவத்துக் காயில், அதே 5 மி.கி.க்குள் வேறு கூட்டம் இருக்கும். போல்டோ இலை விஷயத்தில் அவர்கள் அந்த வரியைப் பிரித்தார்கள். தென் அமெரிக்காவில் வயிற்றுக்கும் கல்லீரலுக்கும் கஷாயம் வைத்துக் குடிக்கும் இலை அது. அதில் உள்ள போல்டின் என்ற ஆல்கலாய்டைத் தனியாகச் சோதித்தார்கள். வெள்ளீயம் ஈ. கோலை பாக்டீரியாவைக் கொல்வதையும் பிளாஸ்மிடை வெட்டுவதையும் அது தடுத்தது. போல்டினுக்கு மூலக்கூறு எடை 327. எடையைச் சொன்னால் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம், வெள்ளீயத்துக்கு எதிரே ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்க்கலாம். கத்தரிக்காய்க்கும் இலவங்கப்பட்டைக்கும் அந்த வரி இன்னும் ‘சாறு’ என்றே இருக்கிறது.